ரேடியோக் கடைக் கண்ணாடியில் ஒட்டிய பட்டியல்

கண்டி,
14 நவம்பர் 1983

அன்புள்ள பத்மாதேவிக்கு,

இது நான் அனுப்பும் மூன்றாவது பட்டியல். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. கொக்குவில் தபால்காரர்மேல் பழியைப் போட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் யாழ்ப்பாண விலாசத்தை இங்கே உங்கள் கந்தோரில்தான் வாங்கினேன். உங்கள் தட்டச்சு மேசை அப்படியே இருக்கிறது. யாரோ அதன்மேல் ஃபைல்களை ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

கடை திறந்திருக்கிறது. எங்கள் வரிசையில் ஜூலைக் கலவரத்தில் எரிந்த இரண்டு கடைகளையும் இன்னும் யாரும் திருப்பிக் கட்டவில்லை. என்னிடம் ரேடியோக்கள் திருத்த வந்தபடிதான், எல்லோருக்கும் செய்தி கேட்க வேண்டியிருக்கிறது. பழைய ரேடியோ உதிரிகளை வைத்து நான் கட்டிய றிதம் பெட்டி இப்போது நான்கு தாளம் போடுகிறது. மூன்றாவதை மட்டும் தொடங்கினால் நிறுத்த முடியாது, வயரைப் பிடுங்க வேண்டும்.

டிசம்பரில் கண்டியில் கேட்கத் தகுந்தவை:

3ஆம் திகதி சனி, மாலை ஐந்து மணி, வாவிக்கரை மண்டபம். கம்பளையைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். ஜப்பானிலிருந்து ஒரு சிந்தசைசர் வரவழைத்திருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அமத்தினால் என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அதற்காகவே போகலாம். பின்வரிசையில் உட்காரவும்.

10ஆம் திகதி, பேராதனை மாணவர்கள், ‘மழைக்கோட்டு’ குழு. தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, போஸ்டரையும் தாங்களே கையால் எழுதி ஒட்டுகிற பிள்ளைகள். பாதிப் பாட்டு சோகம், மீதிப் பாட்டு அதைவிடச் சோகம். ஆனாலும் போகவும். கடைசி பஸ் எட்டே காலுக்கு.

17ஆம் திகதி ஒரு ஹோட்டலில் பைலா ஆட்டப்பாட்டு, நான்கு மணித்தியாலம். தலைவலி உள்ளவர்கள் வீட்டிலிருக்கவும். இல்லாதவர்கள் போய் வாங்கிக்கொள்ளலாம்.

நம்முடைய ‘மின்மினி’ குழுவைப் பற்றிப் பட்டியலில் ஒன்றும் இல்லை. நம்மை நாமே சிபாரிசு செய்வதில்லை என்று நாம் வைத்த சட்டம் உங்களுக்குத் தெரியும். தவிரவும் பாடகி இல்லை. கறுப்பையா ஞாயிறுதோறும் கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிற்றாரோடு வருகிறார். “அக்கா எப்ப வருவாங்கன்னு கேட்டு எழுதுங்க, நானா” என்கிறார். கேட்டு எழுதிவிட்டேன்.

பளீல்

*

கொக்குவில்,
1 டிசம்பர் 1983

பளீலுக்கு,

மூன்று கடிதங்களும் ஒழுங்காக வந்தன. தபால்காரரைத் திட்ட வேண்டாம். எழுதாதது நான்தான்.

அம்மாவோடு இருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் தற்காலிகமாகச் சேர்த்திருக்கிறார்கள். தட்டச்சில் ‘ற’ விழுவதில்லை, எல்லா ‘ற’வையும் பேனாவால் போடுகிறேன். கண்டியில் எனக்கு அறை தந்திருந்த பரமநாதன் மாஸ்டரும் மனைவியும் இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய தங்கை வீட்டில் இருக்கிறார்கள். வீடு எரிந்ததில் அவருக்கு எல்லாவற்றையும்விடப் புத்தகங்கள் போனதுதான் கவலை.

கொக்குவிலில் இருக்கிற ஒருத்திக்கு, கண்டி மண்டபத்தில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு யார் பாடினால் என்ன? இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் வாசித்தேன். மழைக்கோட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதியது நியாயமில்லை. போன வருஷம் அவர்களுடைய இரண்டாவது பாட்டில் நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். தூசி என்று சொன்னீர்கள்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்து அகதி முகாமில் பதினொரு நாள் இருந்தோம். கறுப்பையா மூன்று தரம் உள்ளே வந்தார். அவரும் தமிழர்தான், அவருக்கும் பயம் இருந்திருக்கும். பாணும், உங்கள் உம்மா தந்த சம்பலும், மாற்றுச் சட்டைகளும் அவர் கையில்தான் வந்தன. நீங்கள் கேற்றுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மாடி ஜன்னலால் பார்த்தேன். மூன்று தரமும் நின்றீர்கள், மூன்று தரமும் திரும்பிப் போனீர்கள்.

எங்களோடு பேசுவதை யாராவது பார்த்தால் கடைக்கு ஆபத்து என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் சொல்லுங்கள். பயப்படுவது குற்றமில்லை. ஆனால் உங்களுக்குப் பயம் என்பதே கிடையாது என்று நான் அந்த வகுப்பறையில் இருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்மாதேவி

*

கண்டி,
19 டிசம்பர் 1983

அன்புள்ள பத்மாதேவிக்கு,

இந்தப் பதிலை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

பயந்தது உண்மை. கடைக்காக அல்ல. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

ஜூலை 30 சனிக்கிழமை மின்மினி முதல் தடவையாகப் பெரிய மண்டபத்தில் மேடையேற இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்மை நாமே சிபாரிசு செய்வதில்லை என்று சட்டம் வைத்தவனே, அந்த மாதப் பட்டியலின் முதல் வரியில் எழுதினேன்: ‘மின்மினி. பாடுபவர் செல்வி பத்மாதேவி. இந்த ஊரில் இதைவிட நல்ல குரல் இல்லை.’ அதோடு விட்டேனா? அனுமதிச் சீட்டுகள் உங்களிடம்தானே இருந்தன. சீட்டுக் கிடைக்குமிடம் என்று பரமநாதன் மாஸ்டர் வீட்டு இலக்கத்தையும் வீதியையும் எழுதினேன். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், தூரத்தில் போகிறவனுக்கும் தெரிகிற எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். நீங்கள் பார்த்து முதலில் கோபிப்பீர்கள், பிறகு சிரிப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். அந்தக் கிழமை ஏழு நாளும் நீங்கள் கடைப் பக்கம் வரவேயில்லை.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை இங்கே தொடங்கியது. நான் கடையைப் பூட்டிக்கொண்டு திகனை வீட்டுக்கு ஓடினேன். பஸ்ஸில் பாதி வழி போன பிறகுதான் பட்டியல் கண்ணாடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் வந்து பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. பட்டியலும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மாஸ்டரின் வீடுதான் இல்லை.

அன்றைக்குப் பிறகு கண்ணாடியில் நான் ஒன்றும் ஒட்டவில்லை. உங்களுக்கு அனுப்புவது ஒரேயொரு பிரதி, உங்களுக்காக மட்டும் எழுதுவது. இப்போது வேறு யாருக்கும் நான் எதையும் சிபாரிசு செய்வதில்லை.

மாஸ்டரிடம் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம் என்று உங்களைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

பளீல்

*

கொக்குவில்,
8 பெப்ரவரி 1984

அன்புள்ள பளீல்,

ஏழு கிழமையாகப் பதில் எழுதவில்லை. முதல் இரண்டு கிழமை கோபம். பிறகு, எழுத உட்கார்ந்தாலே அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிடும், எழுந்து போய்விடுவேன்.

கும்பலில் முன்னால் வந்தவனுடைய கையில் ஒரு கடதாசி இருந்தது. என்ன கடதாசி என்று நான் பார்க்கவில்லை. நாங்கள் மாஸ்டரின் மனைவியைப் பின்மதிலால் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தோம். அவவுக்கு முழங்கால் மடங்காது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களை இறக்கி வாங்கிக் குசினி அடுப்படியில் விட்டுப் பூட்டினா. அந்தக் கடதாசி உங்கள் பட்டியலைப் பார்த்து எழுதியதா என்று ஏழு கிழமை யோசித்தேன். இல்லை என்று உங்களுக்கு எழுதினால் அது பொய். எனக்குத் தெரியாது.

கடைசியில் கடிதத்தை மாஸ்டரிடமே கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். “பதினெட்டு வருசம் என்ர கேற்றில என்ர பேர் தொங்கினது, மூண்டு பாசையில. அதை விட்டிட்டு இவன்ர கடைக்குப் போய்ப் பார்த்திட்டே வந்தவங்கள்? நல்ல கதை” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அந்தப் பெடியன் ஆறு மாசமா இதைச் சுமந்துகொண்டு திரியிறான். கெதியா எழுது பிள்ளை, பிந்தாதை” என்றார். கெதியாக எழுதுகிறேன்.

என்னுடைய கோபம் பட்டியலுக்கு அல்ல. கேற்றில் நின்றதற்குத்தான். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் பயந்தீர்கள் என்றால், நான் மூன்று தரமும் ஜன்னலில் வந்து நின்றது எதற்கு என்று நினைத்தீர்கள்?

இன்னொன்று. எல்லோரும் உங்களை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன். அண்ணன் முறை வைத்துக் கூப்பிட மனம் வரவில்லை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என்னுடைய தற்காலிக ஒழுங்கு ஜூன் 15 உடன் முடிகிறது. அதற்குள் கண்டிக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் யாழ்ப்பாணத்துக்கே நிரந்தர இடமாற்றம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பிறகு மாற்ற முடியாதாம்.

பத்மா

*

கண்டி,
27 பெப்ரவரி 1984

அன்புள்ள பத்மா,

கவனித்தேன். நான் கவனித்தது மட்டுமில்லை, கறுப்பையாவும் கவனித்தார். “அக்கா உங்கள பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று கேட்டார். ஆமாம், சண்டைதான் என்று சொன்னேன். அன்றைக்கு முழுதும் ஓர்கனில் என் விரல் ஒழுங்காக விழவில்லை.

மாஸ்டர் சொன்னதை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு என்னுடைய ஸலாம்.

உங்கள் கடிதம் வந்த நாள் உம்மா கேட்டார், “அந்தப் புள்ளக்கா கடதாசி எழுதுற? அவ நம்மட ஆளில்லயே மகன்.” நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். கொஞ்சம் கழித்து அவரே, “நல்லாப் பாடுற புள்ள. எங்க இருந்தாலும் நல்லா ஈக்கட்டும்” என்றார். அது சம்மதமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

நான் உங்களை விரும்புகிறேன். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷமும் ஒரு கலவரமும் வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

வாருங்கள். மே 26 சனிக்கிழமைக்கு வாவிக்கரை மண்டபம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திகதிக்கு நீங்கள் வந்து சேர முடியாவிட்டாலும் ஜூனுக்குள் வாருங்கள். மேடையில் கரண்ட் போனால் என் ஓர்கனும் றிதம் பெட்டியும் செத்துவிடும், நம் குழுவில் மிஞ்சுவது உங்கள் குரல் ஒன்றுதான் என்று முன்பெல்லாம் பகிடி பண்ணுவோம். இப்போது கரண்ட் இருக்கிறது. குரலைத்தான் காணவில்லை.

மார்ச்சில் கேட்கத் தகுந்தவை ஒரேயொன்றுதான். 17ஆம் திகதி, மழைக்கோட்டு. மூன்று புதுப் பாட்டு இருக்கிறதாம். முழுவதும் சோகமாக இருக்கட்டும், இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பளீல்

*

கொக்குவில்,
22 ஏப்ரல் 1984

அன்புள்ள பளீல்,

உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். அம்மா தலையணை உறைகளைத் தோய்க்கும் நாளில் மட்டும் அது கந்தோருக்கு வரும்.

இந்த மாதம் ஒன்பது நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. வீதியில் ஆமி ட்ரக் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவா. ஏன் என்று அவவுக்கும் தெரியாது. கண்டிக்குத் திரும்புகிற கதையை எடுத்தேன். “இஞ்சை செத்தாலும் எங்கட சனத்துக்கை சாகலாம்” என்றா. எனக்கு எங்கேயும் சாக விருப்பமில்லை. பாடத்தான் விருப்பம். இங்கே வந்த பிறகு நான் பாடவில்லை. குளிக்கும்போதுகூட வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாருங்கள் என்று எழுதினீர்கள். அது உங்கள் ஆசை. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் நீங்கள் ஆசையில் ஒரு தரம் ஒரு பட்டியல் எழுதினீர்கள், இரண்டு பேருக்கும் அது தெரியும். இம்முறை ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, மற்றவர்களுக்கு எழுதுகிறது போல எனக்கும் எழுதுங்கள். கண்டி இப்போது எப்படி இருக்கிறது? பத்மாதேவி என்று பெயருள்ள ஒருத்தி அங்கே வந்து இருக்கலாமா? வேலைக்குப் போய் வரலாமா? மேடையில் ஏறிப் பாடலாமா? போகலாம் என்றால் போகலாம் என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள்.

மே 26 நிகழ்ச்சியை நான் இல்லாமலே நடத்துங்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன். அம்மா சொல்வதை வைத்து அல்ல.

பத்மா

*

கண்டி,
29 மே 1984

அன்புள்ள பத்மா,

மே 26 நடந்து முடிந்தது.

மூன்று நாள் முந்தி மண்டபப் பொறுப்பாளர் கடைக்கு வந்தார். மோசமான ஆள் இல்லை. இந்தத் தடவை தமிழ்ப் பாட்டு வேண்டாம், சிங்களமும் இங்கிலிசும் போதும், அப்படியென்றால் பிரச்சினை வராது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நான் சரி என்றேன். யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. வாய் தானாகச் சரி என்றது.

கறுப்பையாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். அவர் கிற்றார்க் கம்பியை முறுக்கிக்கொண்டே, “பரவாயில்ல நானா. பஸ்ஸுலயே நான் வாயத் தெறக்கிறதில்ல. பேராதனை தாண்டி, கலஹா ரோட்டுல நம்ம ஆளுக ஏறினப்புறந்தான் பேசுவேன்” என்றார். பத்து மாதமாக அவர் அப்படித்தான் வந்து போகிறார். நான் ஒவ்வொரு பட்டியலிலும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுகிறவன். அந்த பஸ்ஸில் எப்படிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. நன்றாகக் கைதட்டினார்கள். றிதம் பெட்டி ஒரு தரமும் சிக்கவில்லை. நான் இதுவரை வாசித்ததிலேயே அன்றைக்குத்தான் நன்றாக வாசித்தேன். அதை நினைக்க எனக்கே பிடிக்கவில்லை.

உங்களுக்கு ஓர் அறையும் தேடினேன். மூன்று இடம் கேட்டேன். இரண்டு வீட்டில் பெயரைக் கேட்டதும் அறை இல்லை என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் தமிழர், பெயர் சோதிலிங்கம், போன வருஷம் தப்பியவர். “தம்பி, இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பொறுப்பெடுக்க என்னால ஏலாது. என்ர பிள்ளையளையே பார்க்க ஏலாமல் கிடக்கு” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கந்தோரில் உங்கள் மேசையில் இப்போது வேறொரு பெண் இருக்கிறார்.

யாழ்ப்பாணம் எப்படி என்று எனக்குத் தெரியாது. அங்கே இருப்பது நல்லது என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் யார். எனக்குத் தெரிந்த ஊர் கண்டி. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

வர வேண்டாம்.

இதை எழுதிவிட்டுத் தபாற்கந்தோர் வாசல்வரை இரண்டு தரம் போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் போடுவேன்.

பளீல்

*

கொக்குவில்,
14 ஜூன் 1984

அன்புள்ள பளீல்,

நேற்று இடமாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதி. மூன்றையும் நானே தட்டச்சுச் செய்து, ‘ற’ எல்லாவற்றையும் பேனாவால் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

உங்கள் கடிதம் ஐந்தாம் திகதியே வந்துவிட்டது. எட்டு நாள் கையில் வைத்திருந்தேன். அது வருவதற்கு முன்பே நான் பெட்டியில் உடுப்பு அடுக்கியிருந்தேன், பளீல். அம்மாவிடம் சண்டை பிடித்து, மாஸ்டரைக் கொண்டு சொல்வித்து, அவவும் கடைசியில் “உன்ரை விருப்பம்” என்று சொல்லிவிட்டா. உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தேன். நீங்கள் ஒரு சின்னப் பொய் எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன். மண்டபத்துப் பொறுப்பாளரை விட்டுவிட்டு, அறையையும் விட்டுவிட்டு, கைதட்டினதை மட்டும் எழுதியிருந்தாலே வந்திருப்பேன். எட்டு நாளும் உங்களை ஏசிக்கொண்டிருந்தேன். உள்ளதை எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் நீங்களாக இருந்திருக்க மாட்டீர்கள் என்று கந்தோரில் பேனாவை எடுத்தபோதுதான் மனம் ஆறியது. முழுதாக ஆறவில்லை.

மைக்குக்கு முன்னால் இனி வேறு ஆளை நிறுத்துங்கள். கறுப்பையாவைப் பாடச் சொல்லுங்கள், அவருக்கு நல்ல குரல், கேட்டால் வெட்கப்படுவார். ஓர்கனையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஒரு தரம் கலஹாவுக்குப் போங்கள். தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் ஒரு முழு மாலை பாடுங்கள். இது என்னுடைய சிபாரிசு.

பெப்ரவரியில் நீங்கள் எழுதிய ஒன்றுக்கு நான் பதில் சொல்லவில்லை. நேரில் வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இனி நேரில் என்று ஒன்று இல்லை, அதனால் இதில் எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான். என் அம்மா என்ன சொன்னாலும், உங்கள் உம்மா என்ன சொன்னாலும், நான் உங்களைக் கல்யாணம் கட்டியிருப்பேன்.

பத்மா